இளையோர் என்றால் யார்?

நற்றிணையின் 68ஆம் பாடலில் தோழி தலைவியிடம் ஓர் ஆசையைச் சொல்கிறாள். முந்தைய நள்ளிரவில் மலையில் இடியும் மின்னலுமாக மழை கொட்டியிருக்கிறது. நுரையும் பூவும் சுமந்து புதுவெள்ளம் வருகிறது. அதில் நெஞ்சு நிறைய ஆட வேண்டும். பெண்களோ வீட்டுக்குள் இருக்கிறார்கள். அம்மா விட வேண்டும். இளையோர் தம் கூட்டத்தோடு ஓரையாடாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது அறமும் ஆகாது, அதனால் செல்வமும் தேயும் என்று அம்மாவிடம் பணிந்து, பக்குவமாக எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்தால், 'சரி, போங்கள்' என்று விடுவாளோ என்னவோ. பாடியவர் பிரான் சாத்தனார்.

கல்லூரியில் இந்தப் பாடலை நாங்கள் நடத்துவது இற்செறிப்பு என்ற துறையை விளக்குவதற்காக. பருவம் வந்த பெண்ணை வீட்டில் நிறுத்திவைப்பது இற்செறிப்பு. இரண்டு மதிப்பெண் வினா. மாணவிகள் சரியாக எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அந்தத் துறைக்குள் தாங்களே இருப்பது விடைத்தாளில் வராது. தேர்வு முடிந்ததும் ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். ஆறரைக்குள் வீட்டில் இல்லையென்றால் போன் வந்துவிடும்.

இந்தப் பாடலில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சொல். வீட்டுக்குள் கிடக்கும் பெண்களைப் பாட்டு 'இளையோர்' என்கிறது. பெண் இளையோர் என்று அடைமொழி போடவில்லை. விளையாட வேண்டியவர்கள், விளையாட விடப்படாதவர்கள், அதனால் ஊருக்கே இழப்பு என்று பேசப்படுபவர்கள் பெண்கள். அவர்களுக்கு வெறும் இளையோர் என்ற பெயர் போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்று ஒரு கிராமத்தில் 'இளைஞர்கள்' என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப்படி அது பலர்பால், ஆணும் பெண்ணும் அடக்கம். புழக்கத்தில் அது மீசை முளைத்த கூட்டம். இளைஞர் மன்றம், இளைஞர் நற்பணி மன்றம், ஊர்த் திருவிழா பிளெக்ஸில் 'இவண் இளைஞர்கள்', எல்லாமே ஆண்கள். பெண்ணைச் சேர்க்க வேண்டுமென்றால் 'இளம்பெண்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதும் பேச்சு விளையாட்டிலிருந்து விலகிப் பாதுகாப்புக்கும் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. 'இளைஞி' என்று ஒரு சொல் அகராதிக்காரர்கள் தயவில் இருக்கிறது; அதை எந்தத் தெருவிலும் நான் கேட்டதில்லை.

அரசுத் துறைக்கு இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறை என்று பெயர். சிற்றூர்களின் விளையாட்டுக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊர்தோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. அடுத்து வந்த ஆட்சியில் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கிரிக்கெட் மட்டையிலிருந்து கைப்பந்து, கேரம்போர்டு வரை கொடுப்பதற்கானது. ஆட்சி மாறியும் இந்தக் கவனம் மாறவில்லை என்பதே நல்ல செய்தி. பந்து வந்துவிட்டது. பந்து யார் கையில் இருக்கிறது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்ற கேள்விகளுக்குத் திட்டத்தில் இடம் இல்லை.

என் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் உங்கள் ஊருக்குப் பெட்டி வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு மேடம். மட்டையும் பந்தும் பசங்ககிட்ட இருக்கு. ஸ்கிப்பிங் கயிறு ஆபீஸ்ல கிடக்கு" என்றாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். பெரும்பாலான ஊர்களில் நிலைமை இதுவாகத்தான் இருக்கும். தடை என்று ஒன்று இருந்தால் அதை எதிர்க்கலாம். பெண் பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறப்பார்கள் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை என்றால் எதை எதிர்ப்பது?

பொங்கல் விளையாட்டு விழா நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசிக்கலாம். ஆண்களுக்குக் கபடி, கிரிக்கெட், மாரத்தான், வழுக்குமரம், உறியடி, ஸ்லோ சைக்கிள். சிறுவர் சிறுமியருக்கு ஓட்டம், பலூன் ஊதுதல், லெமன் ஸ்பூன். பெண்களுக்குக் கோலம், மியூசிக்கல் சேர். பரிசாக ஆண்களுக்குக் கோப்பையும் பணமும். பெண்களுக்குக் குடம், டிபன் பாக்ஸ், எவர்சில்வர் தட்டு. சிறுமிக்கும் பெண்ணுக்கும் நடுவில் இந்த நோட்டீஸில் யாருமே இல்லை. பன்னிரண்டு வயதில் லெமன் ஸ்பூனில் ஜெயித்தவள் பதினைந்து வயதில் காணாமல் போகிறாள். கல்யாணமாகி, வாசலில் கோலம் போடுகிறவளாகத் திரும்பி வருகிறாள். இடைப்பட்ட அந்த வெற்றிடம்தான் இற்செறிப்பு. துறை விளக்கத்துக்கு இனி இந்த நோட்டீஸையே எடுத்துக்காட்டாகக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆட்டங்களைப் பால் பிரித்து வைக்கும் வேலையை இலக்கியமும் செய்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் ஏழு இரு பாலுக்கும் பொது. கடைசி மூன்று வேறுபடும். ஆண்பாலில் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். தேரும் பறையும் தெருவுக்கு உரியவை, ஓசை எழுப்புபவை. அம்மானையும் ஊஞ்சலும் நின்ற இடத்தில், இருந்த இடத்தில் ஆடுபவை. சிற்றில் சிதைத்தலை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மணலில் வீடு கட்டுவது சிறுமிகளின் விளையாட்டு. அதைக் காலால் உதைத்துக் கலைப்பது ஆண் குழந்தையின் விளையாட்டு. கலைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதுதான் அந்தப் பருவத்துப் பாடல்களின் அமைப்பு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் இந்தக் கெஞ்சல்தான். பக்தி மரபில் அதற்கு இருக்கும் பொருளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாலின் ஆட்டத்தை அழிப்பதே இன்னொரு பாலின் ஆட்டம் என்பதை நாம் நூற்றாண்டுக் கணக்காக எப்படி ரசித்தோம் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. பள்ளி மைதானத்தில் வளையப்பந்துக்குக் கட்டிய வலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு அந்தக் கெஞ்சல்கூட நேர்வதில்லை. திங்கட்கிழமை வந்து பார்க்கும் பிள்ளைகள் கோட்டை மறுபடி போட்டுக்கொள்வார்கள்.

நற்றிணைப் பாட்டுக்குத் திரும்புகிறேன். மரபான வாசிப்பு இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் காதில் விழும்படி, இவள் வீட்டுக் காவலில் இருக்கிறாள் என்று தோழி உணர்த்துகிறாள். இனிக் களவு நடக்காது, சீக்கிரம் மணம் பேச வா என்பது உட்பொருள். அகத்திணை மரபுக்குள் இது சரியான வாசிப்பு. நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் இந்த வாசிப்பு முடியும்போது புதுவெள்ளம் காணாமல் போயிருக்கும். ஓரையும் ஆயமும் காணாமல் போயிருக்கும். அந்தப் பெண்களுக்கு உண்மையாகவே ஆற்றில் ஆட ஆசை இருந்திருக்கலாம் என்பது நம் உரைகளில் ஒரு பேச்சுக்குக்கூட வருவதில்லை. பெண் ஆடப் போகிறாள் என்றால் ஆட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

தெருமுனையில் நிற்கும் பெரியப்பாவும் ஏறக்குறைய இதே உரையாசிரியர்தான். சாயங்காலம் நான்கு பெண்கள் சேர்ந்து ஷட்டில்காக் மட்டையோடு மைதானத்துக்கு நடந்தால், "யாரைப் பார்க்கப் போறாளுக?" என்பார்.

தொல்காப்பியர் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறார். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் களங்களாக அவர் நான்கைச் சொல்கிறார்: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. விளையாட்டைப் புணர்வுக்குள் அடக்கவில்லை, செல்வத்தின் கிளையாகவும் வைக்கவில்லை. அது தானே தனித்து நிற்கும் ஒரு மகிழ்ச்சி. காதலுக்கோ வருமானத்துக்கோ வழியாக இல்லாமல், ஆடுவதற்காகவே ஆடுவது. பெண்ணின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துபோவது இந்த நான்காவது களத்தை.

தமிழ் சினிமாவும் மறந்துதான் போயிருக்கிறது. சென்னை 28 (2007), வெண்ணிலா கபடிக்குழு (2009) போன்ற படங்களில் பையன்கள் சும்மா ஆடுகிறார்கள். தோற்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், திட்டிக்கொண்டு டீ குடிக்கிறார்கள், மறுபடி ஆடுகிறார்கள். ஆட்டம் அவர்கள் வாழும் விதம். பெண்ணை மையமாக வைத்த கனாவில் (2018) என்ன நடக்கிறது? இந்தியா தோற்றதற்கு அழும் விவசாயி அப்பாவைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு சிறுமி மட்டையைத் தூக்குகிறாள். அவள் இந்திய அணிக்குப் போய் ஜெயித்தால்தான் கதை நியாயமாகிறது. பிகிலில் (2019) பெண்கள் கால்பந்து ஆடுகிறார்கள், படமோ பயிற்சியாளனுடையது. ஒருத்தியின் உடல் பருமனைக் கிண்டல் செய்து அவளை ரோஷப்படுத்துவதும் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறது. இறுதிச்சுற்று (2016) இவற்றைவிட எனக்குப் பிடித்த படம். அதில் மதிக்குக் கோபமும் குறும்பும் சொந்தமாக இருக்கின்றன. அவளும் உலகச் சாம்பியன் ஆகித்தான் தீர வேண்டியிருக்கிறது.

இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எத்தனையோ பெண்கள் மைதானத்துக்குப் போயிருப்பார்கள், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். என் சங்கடம் வேறு. பதக்கம் வாங்கும் ஒருத்திக்காக மட்டும் திறக்கும் கதவு, சுமாராக ஆடும் மற்ற எல்லோருக்கும் மூடியே இருக்கிறது. சுமாராக ஆடுகிற பையனை 'எதுக்குடா ஆடுற?' என்று யாரும் கேட்பதில்லை. நன்றாக ஆடும் பெண்ணிடமே கேட்கிறார்கள்: இதனால் வேலை கிடைக்குமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார்.

அம்மனுக்காக ஆடினாலும் விடுகிறார்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் முளைப்பாரித் திருவிழாவில் காப்புக் கட்டிய நாள் முதல் இரவுதோறும் பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்கள். ஊர் மந்தை அந்த நாட்களில் அவர்களுடையது. சிறுமியும் பாட்டியும் கல்லூரிக்குப் போகிறவளும் ஒரே வட்டத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில், வேர்த்து விறுவிறுத்து ஆடுவார்கள். அடி தப்பினால் சிரிப்பு. ஆண்கள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். இருட்டில் வெளியே போகக் கூடாது என்ற பேச்சே அந்த வாரம் எழாது. ஊர் நினைத்தால் பெண்களுக்கு இரவையும் இடத்தையும் வெளிச்சத்தையும் தர முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பாரியை ஆற்றில் கரைத்த மறுநாள் மந்தை மறுபடி சீட்டாடுகிறவர்களிடம் போய்விடுகிறது.

மந்தை என்று சொல்லும்போது யாருடைய மந்தை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் விளையாடும் இடம் என்பது கோயில் முன்திடல், அறுப்பு முடிந்த வயல், கோடையில் வற்றிய கண்மாய், பள்ளிக்கூட மைதானம். இவற்றில் எதில் யார் கால் வைக்கலாம் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறது. ஊர்த்தெருப் பையன்கள் ஓர் அணி, காலனிப் பையன்கள் இன்னோர் அணி, இரண்டுக்கும் தனித்தனி டோர்னமென்ட் என்பது பல இடங்களில் வழக்கம். லப்பர் பந்து (2024) இதை நேராகப் பேசியது, திறமை இருந்தும் அணிக்குள் விடப்படாத ஒருவனை வைத்து. காலனிப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். ஊர் மைதானம் அவள் அண்ணனுக்கே இல்லை. காலனிக்குள் மைதானம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. சமுதாயக் கூடம் இருந்தால் அதன் முன்வாசல். பள்ளி விடும்வரை கோ-கோவில் பறந்துகொண்டிருந்தவள் நான்கரைக்கு மேல் எங்கே ஓடுவாள்? பெண்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மைதானம் கேட்கும்போது அது எந்தத் தெருவில் அமையும் என்பதையும் சேர்த்தே கேட்காவிட்டால், ஊர்த்தெருப் பெண்களுக்கு ஒரு மைதானம் வாங்கிக் கொடுத்தவர்களாக நாம் முடிந்துபோவோம்.

இடத்துக்கு அடுத்தது பொழுது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம் என்றது, ஆணுக்கு 97. 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருப்பதால் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இந்தக் கணக்கு ஆறு வயது முதல் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பையன் கண்மாய்க்குள் இருக்கிறான். அவன் அக்கா தண்ணீர் பிடிக்கிறாள், தம்பி தங்கையைப் பார்க்கிறாள், அரிசி களைகிறாள். அவளுக்கு மைதானம் இருந்தாலும் போகப் பொழுதில்லை. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லில் போக்குவதற்கு ஒரு பொழுது ஏற்கெனவே கையில் இருப்பதாக ஓர் அனுமானம் உண்டு.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே மூவரும் மும்பையைப் பற்றி 2011இல் எழுதிய 'ஒய் லாய்டர்?' என்ற நூல் என் மாணவிகளுக்கு நான் அடிக்கடி சொல்வது. பெண் ஒரு வேலையாக வெளியே போகலாம், வேலையே இல்லாமல் வெளியே நிற்க முடியுமா என்பது அதன் கேள்வி. அது பெருநகரத்தின் புத்தகம். ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் நிற்பவளைப் பார்ப்பவர்கள் அந்நியர்கள் இல்லை. மாமா, சித்தப்பா, அண்ணன் முறை. கூட்டத்தில் கரைந்துபோகும் வசதி அவளுக்குக் கிடையாது. அதனால் சிற்றூரில் ஒருத்தி தனியாகப் போய் நிற்பதால் பெரிதாக எதுவும் மாறாது, அவள் பெயர் கெடுவது தவிர. கூட்டமாகத்தான் போக வேண்டும். பாட்டிலும் 'ஆயம்' என்றுதான் இருக்கிறது. மும்பைக்கு அருகே மும்ப்ராவில் பர்ச்சம் என்ற பெண்கள் குழு இளம்பெண்களோடு கால்பந்தைத் தொடங்கியபோது, பெண்கள் ஆட ஒரு மைதானம் வேண்டும் என்று கையெழுத்து திரட்டியே கேட்டார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நற்றிணையில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நம் பெண்ணிய வாசிப்புகளிலும் அவள் காவல்காரியாகவே நிற்கிறாள். அவளும் ஒரு காலத்தில் செறிக்கப்பட்டவள்தான். மகள் ஆடப் போய் ஒரு சொல் வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான், அப்பா இல்லை. தோழி அம்மாவை எதிர்த்துக் கிளம்புவோம் என்று சொல்லாமல் அவளிடம் பேச ஆள் தேடுவதை நான் பயந்த பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் சாயங்காலத்தை விடுவிக்க யாரிடம் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அப்படிப் பேசக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பள்ளியின் பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சர் இருக்கிறார். மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. அந்த அம்மாக்களையே ஒரு நாள் கயிறு இழுக்க மைதானத்துக்குக் கூப்பிட்டால் என்ன? பொங்கலன்று மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கும் அவர்களுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை எதிர்ப்பக்கம் கயிறு பிடித்தவர்கள் சொல்வார்கள்.

உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. என்னிடம் படிக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ஊராட்சிகளிலிருந்து வருகிறவர்கள், ஓட்டுரிமை உள்ளவர்கள். விளையாட்டுப் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன, சாவி யாரிடம், வாரத்தில் எந்த இரண்டு மாலைகள் திடல் பெண்களுக்கு, அங்கே விளக்கும் கழிப்பறையும் எப்போது வரும் என்று அங்கே எழுந்து கேட்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்பதை என் மாணவிகளே நடித்துக் காட்டினார்கள். "பொம்பளப் புள்ளைக கேட்டா குடுக்க மாட்டோம்னா சொன்னோம்?" என்று ஒருத்தி துண்டை உதறித் தோளில் போடும் பாவனையோடு சொன்னாள். வகுப்பு சிரித்து முடித்தபின், "அப்போ எந்த ரெண்டு நாள்னு தீர்மான நோட்டுல எழுதுங்க, தலைவரே" என்றாள் இன்னொருத்தி.